இமானாவுக்கு வைத்த தண்ணீர்

காலை நாலு ஐம்பதுக்கு நான் முதலில் பார்த்தது, மாடிப்படியின் உச்சியில் தனியாக நின்ற ஒரு பச்சைக் குடத்தை. பிளாஸ்டிக் குடம். வாயை ஓர் அலுமினியத் தட்டு மூடியிருந்தது.

அன்று லாரி வரும் நாள். வீட்டிலுள்ள மற்ற குடங்கள் எல்லாம் காலியாகி, கேட்டிலிருந்து தெரு வரை வரிசையில் நின்றன. இந்த ஒன்று மட்டும் மேலே, குடித்தனக்காரர்களின் கதவை ஒட்டி, அதன் தலைக்கு மேல் நாற்பது வாட் பல்பு எரிய, எல்லோருக்கும் தெரியும்படி நின்றது.

எண்பதுகளின் கடைசியில் வந்த ஒரு கோடை அது. நகரத்தில் ஒரு தமிழ் நாளிதழில் இரவு வேலை பார்த்துவிட்டு, முதல் மின்சார ரயிலில் அண்ணனூருக்குத் திரும்புவது என் வழக்கம். வீட்டுப் பின்புறக் கிணறு மார்ச்சிலேயே வற்றிவிட்டது. கைபம்பில் வந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வரும். வீட்டுக்கு எட்டுக் குடம், குடித்தனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வரிசையில் காலிக் குடம்தான் நிற்கலாம். எந்த வீட்டிலாவது ஒரு குடம் தண்ணீரோடு இருப்பதைத் தெரு பார்த்துவிட்டால், அந்த வீட்டுக்குத் தண்ணீர் மிச்சம் என்று பேச்சாகிவிடும். அடுத்த முறை வரிசையில் கடைசிக்குத் தள்ளுவார்கள்.

அம்மா கேட்டருகே நின்று மேலே பார்த்தாள்.

"அது என்ன, ஒரு கொடம் மட்டும் மேல நிக்குது?"

தெரியாது என்றேன். அம்மா படியேறிப் போய்த் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, எதிர்வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "தண்ணி இருக்குடா. பாதிக் கொடம் இருக்கு."

கதவு திறந்தது. மாடி வீட்டம்மா, இடுப்பில் பெரிய பூப்போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு, தூக்கக் கண்ணோடு வந்து நின்றார்.

"அத்த எடுக்காதீங்கம்மா. அது ராத்திரித் தண்ணி."

"ராத்திரிதான் முடிஞ்சிடுச்சே."

"எங்க முடிஞ்சிது? இன்னும் விடியவே இல்ல."

அம்மா கிழக்கே பார்த்தாள். விடியவில்லைதான். லாரி வந்தது. அன்று நாங்கள் ஏழு குடம் பிடித்தோம்.

மாடி வீட்டம்மாவின் தமிழ் கைபம்படியில் கற்றது. எங்கள் வீட்டில் பேசும் தமிழோ நான் பத்திரிகையில் எழுதும் தமிழோ அதில் கொஞ்சமும் கலக்கவில்லை. அவர் தான்சானியாவின் மேற்கு ஓரத்தில், ஒரு பெரிய ஏரிக்கரை ஊரைச் சேர்ந்தவர். அவருடைய அம்மா எல்லைக்கு அந்தப் பக்கத்து மலைநாட்டிலிருந்து வந்து அங்கே வாழ்க்கைப்பட்டவர். கணவர் நகரத்தில் ஒரு கல்லூரியில் மேற்படிப்பு படித்தார். இரண்டு பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எங்களைப் போலவே கத்தோலிக்கர்கள். இரண்டு வருடம் முன்பு, ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று வாடகைக்கு வீடு விசாரித்தார்கள். அப்பா மின்சார ரயில் கார் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; அதிகம் பேச மாட்டார். மாட்டுக்கறி சமைப்பீர்களா என்று மட்டும் கேட்டார். சமைப்போம் என்று கணவர் தயங்கிச் சொன்னார். அப்படியானால் எங்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி போர்ஷன் அவர்களுக்குப் போனது.

அந்தக் கோடையில் அக்காவும் எங்களோடு இருந்தாள்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். குழந்தை இல்லை. மாமா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார்; வீடு திருநின்றவூரில். பொங்கலுக்கு வந்த அக்காவைத் திரும்ப அழைக்க யாரும் வரவில்லை. கேட்டபோது மாமியார் சொல்லியனுப்பியது இது: கொஞ்ச நாள் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும், ஒரு வழி தெரிந்த பிறகு வரட்டும். எழும்பூரில் ஒரு டாக்டர் அக்காவைப் பரிசோதித்து, இவருக்கு ஒரு குறையும் இல்லை, கணவரை அழைத்து வாருங்கள் என்றார். தங்கள் வம்சத்தில் ஆம்பிளைகளுக்கு அப்படி எதுவும் வந்ததில்லை என்று திருநின்றவூரிலிருந்து பதில் வந்தது. ஞாயிறுதோறும் மாமா மட்டும் ஒரு மிக்சர் பொட்டலத்தோடு வருவார். ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்காருவார். அப்பாவும் அவரும் பழைய செய்தித்தாளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு படிப்பார்கள். மாலை ரயிலுக்குப் போய்விடுவார்.

அம்மா வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். கோவிலில் நவநாள் ஜெபம் முடித்தாள். பக்கத்து வீட்டில் முட்டை விற்ற அம்மா, இதெல்லாம் தூரம், மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோனால் போதும் என்று அக்காவை அழைத்துப் போனார். அம்மாவுக்கு இது தெரியாது என்பது ஏற்பாடு. அந்த ஆறு வாரமும் வீட்டில் எலுமிச்சம்பழம் எங்கிருந்து வருகிறது என்று அம்மா கேட்கவில்லை; ஊறுகாய் போட்டாள்.

பச்சைக் குடத்தைப் பற்றி அடுத்த ஞாயிறு வெராந்தாவில் பேச்சு வந்தது. அது தங்கள் ஊர்க் கடவுளுக்கு வைத்தது என்றார் மாடி வீட்டம்மா. செய்தி எழுதுகிறவன் கேட்கும் வரிசையிலேயே நான் கேட்டேன்.

"அவர் பேர் என்ன?"

"இமானா."

"கோவில் எங்க இருக்கு?"

"இல்ல தம்பி."

"சிலை?"

"இல்ல."

"பூசாரி? திருவிழா?"

"அதுவும் இல்ல."

"அப்போ அவருக்கு என்னதான் செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம். அவருக்கு இன்னா கொறச்சல்?"

"தண்ணி வைக்கிறீங்களே."

"அது அவரு குடிக்க இல்ல. வேலைக்கு." தன் வயிற்றில் தட்டிக் காட்டினார். "ராத்திரிலதான் புள்ளைங்கள செய்வாரு. மண்ணப் பெசையணுமா வேணாமா? காஞ்ச மண்ணு ஒட்டுமா? ஊட்ல தண்ணி இல்லாங்காட்டி அவரு வந்து இன்னா பண்ணுவாரு?"

எங்கள் வீட்டில் இதை முதலில் புரிந்துகொண்டது அம்மா. வீடு கட்டியபோது அவள்தான் கூட நின்றாள். ஒருநாள் டிரம்மில் தண்ணீர் இல்லை என்று கொத்தனார் பாதிச் சுவரில் இறங்கிப் போய், நாலு நாள் வரவில்லை.

"கொத்தனார் மாதிரி," என்றாள்.

"ஆங். அதான்மா."

"மண்ணு யார் கொண்டு வரணும்?"

"அத்த அவரே கொண்டாருவாரு. நம்ம தண்ணிய வச்சிட்டு, கதவ சாத்திகினு, தூங்கணும். முழிச்சிகினு பாத்தா வேலைக்காவாது."

அவருடைய கணவர் ஆங்கிலத்தில், வகுப்பெடுப்பவரைப் போல நிதானமாக, மீதியைச் சொன்னார். பான்ட்டு மொழிகளைப் பேசும் மக்கள் ஆப்பிரிக்காவின் நடுவிலும் தெற்கிலும் நூற்றுக்கணக்கான கூட்டங்களாக இருக்கிறார்கள். எல்லாவற்றையும் படைத்தவர் ஒருவர் என்பது அநேகமாக எல்லோருக்கும் உண்டு. பெயர்தான் வேறு: கடற்கரையில் முங்கு, கொஞ்சம் தள்ளி முலுங்கு, தெற்கே லெசா, இன்னும் மேற்கே ந்யாம்பே. படைத்துவிட்டு ஒதுங்கிவிட்டவர். காய்ச்சல், சண்டை, மழை தவறுவது போன்ற அன்றாடக் காரியங்களை இறந்துபோன முன்னோர்களின் ஆவிகள் பார்த்துக்கொள்ளும். காணிக்கை எல்லாம் அவர்களுக்குத்தான். ஒரு கூட்டத்தார் சொல்கிற கதையில், படைத்தவர் முதலில் கீழேதான் குடியிருந்தார். மனிதன் ஓயாமல் வாசலில் வந்து நின்று எதையாவது கேட்டுக்கொண்டிருந்ததால், அவர் சிலந்தி நூலைப் பிடித்து மேலே ஏறிப் போய்விட்டார்.

அப்பா செய்தித்தாளை மடித்தார்.

"வாடகை வாங்க வந்தாரா?"

"இல்லை," என்றார் கணவர்.

"நல்ல வீட்டுக்காரர்," என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடி செய்தித்தாளைப் பிரித்தார்.

இதை நான் ஞாயிறு மலருக்கு ஒரு பக்கக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். மலரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் படித்துவிட்டு, படம் இருக்கிறதா என்று கேட்டார். அவருக்கு உருவம் கிடையாது என்றேன். குடத்தின் படமாவது கொடு என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தண்ணீர்ப் பஞ்சத்தில் குடத்தின் படம் தினமும் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது, அதையே மலரிலும் போட்டால் அடிக்க வருவார்கள் என்று சொல்லித் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் ஒரு சமரசம் ஏற்பட்டது. நான் வரும் ரயில் அண்ணனூரைத் தாண்டிவிட்டால் விடிந்ததாக வைத்துக்கொள்ளலாம். இமானாவின் வேலை அதற்குள் முடிந்திருக்கும். மிச்சத் தண்ணீரை அண்டாவில் கவிழ்த்துவிட்டுக் குடத்தை வரிசைக்குக் கொண்டுவரலாம். மாடி வீட்டம்மா இதற்கு ஒப்புக்கொண்டார். தண்ணீர் எந்த நாளும் குறைந்திருக்கவில்லை. இதை நான் சுட்டிக்காட்டியபோது, கொத்தனார் எடுக்கிறது ஒரு கை தண்ணீர், அது உனக்குத் தெரியுமா என்று அம்மா கேட்டாள்.

ஒரு வாரத்தில் எங்கள் கதவை ஒட்டி ஒரு மஞ்சள் குடம் வந்தது. அக்கா வைத்தது. படுக்கப் போகுமுன் அண்டாவிலிருந்து மூன்று செம்பு தண்ணீர் எடுத்து ஊற்றித் தட்டால் மூடிவிட்டுப் போவாள்.

அந்தக் குடத்தை முதலில் கவனித்தது முட்டைக்கார அம்மா. வாசலில் மூடிவைத்த தண்ணீர்க் குடம், பிள்ளை வரத்துக்கு. அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குடத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. வயிற்றில் மூன்று இடத்தில் குங்குமம். தட்டின் மேல் ஒரு கொத்து வேப்பிலை. மாடி வீட்டம்மா இறங்கி வந்து பார்த்தார்.

"இன்னா யக்கா இது? பொட்டு யாரு வச்சது?"

"நான்தான் வச்சேன். சாமிக்கு வெக்க வேணாமா?"

"அவரு இத்தெல்லாம் கேக்கல."

"கேக்காத சாமி இன்னாம்மா சாமி? கேட்டாத்தான குடுக்கலாம். குடுத்தாத்தான நம்ம கேக்கலாம்."

"அவருகிட்ட கேக்கவும் முடியாது யக்கா."

"ஊரு வுட்டு ஊரு வந்து கஷ்டப்படறே. அதான் இப்படிப் பேசறே," என்று சொல்லி முட்டைக்கார அம்மா இரண்டு முட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த லாரி நாளில் குங்குமம் வைத்த மஞ்சள் குடம் வரிசையில் நின்றது. அழித்துவிட அம்மாவுக்கு நேரமில்லை. ஹோஸைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்த லாரி கிளீனர் அதைப் பார்த்து நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டு, குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மற்ற எல்லாக் குடத்துக்கும் முன்னால் அதை நிரப்பினான். எண்ணும்போது அதைச் சேர்க்கவில்லை. "சாமிக் கொடம் கணக்குல வராதும்மா," என்றான். அன்று ஒன்பது குடம் கிடைத்தது. அதன் பிறகு குங்குமம் மங்கினால் அம்மா முட்டைக்கார அம்மாவிடம் ஜாடையாகச் சொல்லிவிடுவாள்.

பங்குச் சாமியார் வீடுகளைச் சந்திக்க வருகிற மாதம் அது. ஒரு மாலை அவர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"இது என்ன?"

"கொடம் சாமி," என்றாள் அம்மா.

"கொடம் தெரியுது. குங்குமம்?"

"பக்கத்து வீட்டம்மா வச்சது."

"யாருக்கு?"

அம்மா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். மாடி வீட்டம்மா இறங்கி வந்து, தலைக்குத் துணியை இழுத்து விட்டுக்கொண்டு, "இமானாவுக்கு ஃபாதர்," என்றார்.

"அது யாரு?"

"எங்கம்மா ஊர்ல பூசையில ஃபாதருங்க அந்தப் பேர்தான் சொல்வாங்க. பிதாவே, சுதனே சொல்றோம்ல. அதுல மொதல்ல வர்றவரு."

சாமியார் உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "குங்குமத்தை மட்டும் கழுவிடுங்க," என்றார்.

"நாளைக்கு லாரி வருது சாமி," என்றாள் அம்மா. "நாளன்னைக்குக் கழுவிடறேன்."

ஜூன் மாதம் முதல் ஞாயிறு மாமா வரவில்லை. வேலையாக இருக்கும் என்று அப்பா சொன்னார். அடுத்த ஞாயிறும் வரவில்லை. திருநின்றவூரிலிருந்து ரயிலில் வந்த ஒருவர், மாமாவின் அம்மா மகனுக்கு வேறு இடம் விசாரிக்கிறார் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். கத்தோலிக்கர்களுக்கு அது நடக்காது என்று அப்பா விளக்கினார். அது சரி, அதை அந்தம்மாவுக்கு யார் போய்ச் சொல்வது என்று அம்மா கேட்டாள். அன்று முன்னிரவில் அக்கா குடத்துக்கு நாலு செம்பு ஊற்றினாள்.

அந்த வாரம் ஒரு பிற்பகல் நான் தூங்கி எழுந்து படுத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மாடிப்படியில் அக்காவும் மாடி வீட்டம்மாவும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"நானும் வச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் ஆகல," என்றாள் அக்கா.

"எத்தினி நாளா வைக்கறே?"

"ஒரு மாசத்துக்கு மேலயே இருக்கும்."

"மாமா எப்போ வந்தாரு?"

"ரெண்டு வாரமா வரல."

"அதுக்கு முன்ன வந்தாரே, ராத்திரி இருந்தாரா?"

"இல்ல. ஆறே முக்கால் ரயிலுக்குப் போயிடுவாரு."

மாடி வீட்டம்மா சிரித்தார். நீளமான சிரிப்பு. அக்கா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தியிருக்க வேண்டும்.

"யக்கா. நெஜமாவா சொல்றே? வெறும் ஈர மண்ணுல புள்ள தானா மொளைக்குமா? அவரு கைவேலை மட்டும்தான் செய்வாரு யக்கா. மீதி நீயும் மாமாவும்தான். நீ இங்க கீறே, அவரு அங்க கீறாரு. நடுவுல இத்தினி ஸ்டேசன் கீது. அவரு மண்ண வச்சிகினு எந்த ஊட்டுக்குப் போவாரு?"

"கூப்பிடாம எப்படிப் போறது?"

"யாரு கூப்டணும்?"

"அத்தை."

"தண்ணி அத்தைக்கா வைக்கறே?"

அக்கா ஒரு கீரைக் காம்பை ஒடித்த சத்தம் கேட்டது.

"அங்க போய் வை. நீங்க ரெண்டு பேரும் படுக்கற ரூம்பு கதவாண்ட வை. வேற இன்னாத்துக்கும் கவலப்படாத."

கீரை ஆய்கிற சத்தம் நின்றிருந்தது. "கதவாண்டயா?" என்று அக்கா கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை அக்கா ஒரு பையில் புடவைகளை எடுத்துக்கொண்டாள். மஞ்சள் குடத்தைக் கழுவி, கயிற்றை அறுத்துவிட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டாள். அம்மா வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னாள். அப்பா என்னைக் கூடப் போய்விட்டு வரச் சொன்னார். அந்தக் கோடையில் ரயிலில் குடத்தோடு போகும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திருநின்றவூர் வீடு ஏரிப் பக்கம், சொந்த மனையில் கட்டியது. முன்னால் கூடம், பின்னால் சமையலறை, பக்கவாட்டில் ஓர் அறை. மாமியார் கணவரை இழந்து பத்து வருடம் ஆனவர். வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம?"

"எங்க வீட்டுக்குத்தானே அத்தே வந்திருக்கேன்."

"கொடம் எதுக்கு? இங்க கொடமா இல்ல?"

"ராத்திரி தண்ணி வைக்கணும்."

"யாருக்கு?"

"கடவுளுக்கு."

"எந்தக் கடவுளுக்கு?"

"எல்லாத்தையும் படைச்சவருக்கு."

அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். இதில் மறுக்க அவருக்கு எதுவும் அகப்படவில்லை. முறத்தைக் கீழே வைத்தார்.

"அவருக்கு எதுக்கும்மா தண்ணி?"

"புள்ள செய்யறதுக்கு," என்றாள் அக்கா.

மாமா பின்கட்டிலிருந்து பனியனோடு வந்தார். அக்காவைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார். என்னை வா என்று சொல்ல மறந்துவிட்டார். அக்காவின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு பின்னால் போனார். கிணற்று உருளை சுற்றும் சத்தம் கேட்டது. ஏரிப் பக்கம் என்பதால் அந்தக் கிணற்றில் இன்னும் தண்ணீர் இருந்தது. பாதிக் குடத்தோடு திரும்பி வந்து கூடத்தின் நடுவில் நின்றார்.

"எங்க வைக்கறது?"

"நாம படுக்கற ரூம் கதவுகிட்ட."

குடத்தின் அடியிலிருந்து சிமெண்ட் தரையில் தண்ணீர் சொட்டியது.

அந்த வீட்டில் அறைக்கதவு என்று ஒன்றுதான் இருந்தது. அந்த அறையில் மாமியார் படுத்தார், அவருக்கு மூச்சிரைப்பு. கூடத்தில் ஒரு சுவரோரம் மாமாவின் தம்பி, இன்னொரு சுவரோரம் தங்கை, சமையலறை வாசலை ஒட்டி மாமாவும் அக்காவும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் என்று அக்கா பிறகு சொன்னாள். எழும்பூர் டாக்டர் கேட்ட கேள்விகளில் இது இல்லை. எங்கள் வீட்டிலும் யாரும் கேட்டதில்லை.

மாமா கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு நேரே போய், தன் அம்மாவின் அறைக்கதவை ஒட்டிக் குடத்தை வைத்தார். அக்கா பையிலிருந்து அலுமினியத் தட்டை எடுத்து மூடினாள். மாமியார் எனக்குக் காபி கொடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டதால் அடுத்த ரயிலில் கிளம்பினேன்.

மீதியை அக்காதான் சொன்னாள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள், கறிவேப்பிலை கேட்டு வந்த எதிர்வீட்டம்மா குடத்தைப் பார்த்துவிட்டு, எதற்கு என்று விசாரித்தார். தம்பிக்காரன் உள்ளது உள்ளபடி சொன்னான். ராத்திரியில் கடவுள் வந்து பிள்ளை செய்வதற்கு.

"இது யாரு ரூமு?"

"அம்மா ரூமு."

எதிர்வீட்டம்மா கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமைக்குள் ஸ்டேஷன் ரோடு வரை செய்தி போய்விட்டது. கடைத்தெருவில் ஒரு பெண்பிள்ளை மாமியாரை நிறுத்தி, என்ன அத்தே, விசேஷமாமே என்று கேட்டாள். அவர் வாங்கப் போன புளியை வாங்காமல் திரும்பிவிட்டார். அன்று மாலை மாமா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் பிடித்துக்கொண்டார்.

"டேய், அந்தக் கொடத்த மொதல்ல அங்கிருந்து எடு."

"எடுத்து எங்கம்மா வைக்கறது? படுக்கற ரூம் கதவுகிட்டதான் வைக்கணுமாம்."

"எனக்கு வயசு அறுபத்திரெண்டுடா."

"தெரியும்மா."

"பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயசுல என்னைத் தெருவுல நிறுத்தி சிரிக்கறாளுங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டு, செருப்பை ஜோடியாகச் சுவரோரம் வைத்தார்.

"அப்போ என்னம்மா செய்யறது?"

"என்னத்தையோ செய். நீங்க ரெண்டு பேரும் உள்ள போய்ப் படுத்துத் தொலைங்க. நான் கூடத்துல படுத்துக்கறேன்."

அவருடைய கட்டில் தேக்கு. அதைக் கதவு வழியாக வெளியே கொண்டுவர மாமாவும் தம்பியும் போதவில்லை. எதிர்வீட்டிலிருந்து ஒருவர் வந்து கை கொடுத்தார். கூடத்தில் ஜன்னலோரம் போட்டார்கள். அங்கே காற்று நன்றாக வருகிறது என்று மாமியார் ஒரு வாரம் கழித்துச் சொன்னதாக அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு அக்காவை யாரும் அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை. வேறு இடம் விசாரிப்பதைப் பற்றிய பேச்சும் வரவில்லை. அக்காவும் மாமாவும் மாதத்தில் ஒரு ஞாயிறு சேர்ந்து வந்தார்கள். மாமா மிக்சர் வாங்கி வந்தார்.

மாடி வீட்டுக்காரரின் படிப்பு அடுத்த ஜனவரியில் முடிந்தது. ஊருக்குப் போகும்போது அவர்கள் பாத்திரங்களை முட்டைக்கார அம்மாவுக்குக் கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். அந்த வருடம் நவம்பரில், நல்ல மழையில், ஆவடியில் ஓர் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காலை ஒன்பது பத்து. எடை இரண்டு கிலோ எழுநூறு. கோவிலில் நன்றிப் பூசை ஒன்று கொடுத்தோம். மாடி போர்ஷனில் அப்போது ஒரு பேங்க் கிளார்க் குடியிருந்தார், கல்யாணம் ஆகாதவர்.